இருபதாம் மாடியில் ஆட்டுகிறார்கள்

பூகம்பம் வந்து போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டடம்தான் இன்னும் ஆட்டத்தை விடவில்லை.

அலுவலகத்தில் அவரை ஆட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையேறி ஆடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் கூடுகிற இடத்தில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள். உயரமான கட்டடங்களில் மாடிக்கு மாடி சென்சார் பொருத்துவார். பூமி குலுங்கும்போது அந்தக் கட்டடங்கள் எந்தப் பக்கம் எவ்வளவு ஆடின, எந்த மாடி கீழ்மாடியைவிட அதிகம் நகர்ந்தது, ஆடி முடித்தபின் பழைய இடத்துக்கே வந்து நின்றனவா, இல்லை கோணிக்கொண்டு நிற்கின்றனவா என்று அளந்து சொல்வார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் அதைத்தான் சொல்வாள்.

அன்று மாலை மற்றவர்கள் கிளம்பிப் போனபின், ஏசியின் உறுமலும் ஆறிப்போன காபியின் கசந்த வாசனையும் மட்டும் மிச்சமிருந்த அறையில், தான் குடியிருக்கும் கட்டடத்தின் நேற்றைய பதிவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூகம்பம் அடங்கிய பிறகு அந்தக் கோடு தலைமுடி மாதிரி நேராகப் போக வேண்டும். போகத்தான் செய்தது. பொழுது சாய்ந்ததும் மட்டும் அதில் ஒரு சின்ன நெளிவு கிளம்பியது. மெல்ல மெல்லப் பெரிதாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு தேய்ந்து போனது. முந்தின நாள் பதிவைப் பார்த்தார். அதிலும் அதே நேரத்தில் அதே நெளிவு, கொஞ்சம் சிறியதாக. அதற்கு முந்தின நாள் இன்னும் சிறியதாக.

காற்றில்லை. மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. லிஃப்ட் ஆட்டினால் அது வேறு மாதிரிக் கோடு. இது கட்டடத்தின் சொந்தத் தாளம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. ஊஞ்சலை எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது தன் வேகத்தில்தான் போய் வரும் இல்லையா, அந்த மாதிரி. இந்தக் கட்டடம் ஒருமுறை போய் வர இரண்டு நொடிக்குச் சற்று மேலே ஆகும். அந்தத் தாளம் பிசகாமல் யாரோ ஊஞ்சலைத் தள்ளுகிறார்கள்.

வேறு யார் வடிவமைத்த கட்டடமாக இருந்தாலும் அவர் அப்போதே போனை எடுத்திருப்பார். சந்தேகமான ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே வடிவமைத்தவருக்கும் குடியிருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அலுவலக விதி. ஆனால் இதை வடிவமைத்தவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சி வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறவர். ஆட்டக்காரருக்கு அதே கட்டடத்தில் நாலாம் மாடி வீட்டைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த உதவியை ஆட்டக்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொறாமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். நியாயம் கேட்கிறேன் என்பார். நியாயம் கேட்கிறவருக்கு வயிறு எதற்கு அப்படி எரிய வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

பூகம்பத்தன்று சுற்றுவட்டாரத்தில் பல சுவர்கள் பிளந்தன. ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளமே நசுங்கிப் போனது. சகலை கட்டியது மட்டும் கீறல் விழாமல் நின்றது. டிவிக்காரர்கள் வந்தார்கள், பூங்கொத்துகள் வந்தன, பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. சகலை மேடையில் நின்று திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டி, "எவ்வளவு அழகா ஆடி, எவ்வளவு அழகா அடங்கியிருக்கு பாருங்க" என்றார். அந்தக் கோடு ஆட்டக்காரர் அளந்து கொடுத்தது. கூட்டத்தில் அவர் பெயர் வரவில்லை. கைதட்டியவர்களில் முதல் வரிசையில் அவர் மனைவி இருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. மொட்டை மாடி விஷயம்தான் ஆறாத ரணம்.

கட்டடம் எழும்பி ஆள் குடிவராத சமயம். அதன் தாளம் என்ன என்று தெரிந்தாக வேண்டும். கட்டடத்தை ஆட்டிப் பார்க்கும் இயந்திரம் வந்து சேரவில்லை. "இயந்திரமே வேணாம், பத்துப் பேர் மொட்டை மாடியில வரிசையா நின்னு, இடது கால், வலது கால்னு உடம்புப் பாரத்தை மாத்தி மாத்திப் போட்டாப் போதும். தாளம் சரியா இருந்தாக் கட்டடம் தானா எடுத்துக்கும்" என்று சொன்னது ஆட்டக்காரர். சகலை வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, இருபது மாடியை நாம பத்துப் பேர் ஆட்டுறதா? ஜோக் அடிக்காதீங்க." ஆனாலும் நின்று பார்த்தார்கள். கொத்தனார், எலக்ட்ரீஷியன், காவலாளி எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டே அசைந்தார்கள். ஆட்டக்காரர் கைதட்டித் தாளம் போட்டார். திரையில் செத்துக் கிடந்த கோடு மெல்ல நெளிந்தது. யாருக்கும் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, சென்சாருக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு சகலை ஏறிய மேடையிலெல்லாம், "திடீர்னு எனக்கு ஒரு யோசனை தோணிச்சு" என்றுதான் அந்தக் கதை ஆரம்பிக்கும்.

ஆட்டக்காரர் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து, புதிய நெளிவின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே ஜாடை. மெல்ல ஏறுவது, நடுவில் ஒருவர் தாளம் தப்பினாற்போல ஒரு தடுக்கல், மறுபடி சேர்ந்துகொள்வது. இயந்திரம் இப்படி ஆட்டாது. கால்கள்தான் இப்படி ஆட்டும்.

எந்த மாடி முதலில் அசைகிறது என்று பார்த்தார். இருபது.

கழுத்துக்குப் பின்னால் ஒரு குளிர் ஊர்ந்தது. அது பயமாகத்தான் கிளம்பியிருக்கும். ஆனால் நெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது. என்னைக் கூப்பிடாமல் சோதனை செய்கிறான். என் யோசனையை, என் சென்சார்களை வைத்து, எனக்குத் தெரியாமல். அடுத்த மேடைக்குத் தயாராகிறான். அவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டிருந்தது. மனைவி வீட்டில் இல்லை. வழக்கம்போல மாலையில் தங்கை வீட்டுக்கு மேலே போயிருந்தாள். அவர் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, அலமாரிக் கதவு ஒன்று தானாகத் திறந்தது. கொஞ்சம் பொறுத்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. எண்ணெய் போடாத கீலின் மெல்லிய முனகல், போய் வர இரண்டு நொடிக்குச் சற்று மேலே. நாலாம் மாடியில் இது தெரியவே கூடாது. அவர் எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்தினார்.

மனைவி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். நாற்காலியில் விழுந்து கெண்டைக்காலைப் பிசைந்தாள்.

"மேல என்ன பண்ணீங்க?" என்றார்.

"என்ன பண்ணுவோம்? பேசிக்கிட்டிருந்தோம்."

"நின்னுக்கிட்டேவா பேசினீங்க?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசிக்கிறாள் என்று தெரிந்தது. "தெரியலங்க. உட்கார்ந்துதான் இருந்திருப்போம். கால் ஏன் இப்படிக் கடுக்குதுன்னு தெரியல."

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் ஏதாவது செய்யச் சொன்னாரா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா! தம்பி பேச்சை எடுத்தாலே உங்களுக்கு மூக்கு விடைச்சிடும். அவரே பாவம், பூகம்பத்துக்கப்புறம் ஆளே இளைச்சுப் போயிட்டார்."

அவள் உள்ளங்கால்கள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. அவர் தைலம் எடுத்துக் கொடுத்தார். தேய்த்துவிடவில்லை. என்னிடம் மறைக்கிறாள், அவனோடு சேர்ந்துகொண்டு என்னிடம் மறைக்கிறாள் என்பது மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மேலாளர் அம்மா அவர் மேசைப் பக்கம் வந்தார். "என்ன சார், உங்க சகலை பில்டிங் எப்படி இருக்கு? எல்லாம் நார்மல்தானே?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தால் போதும். மேலே போய்ப் பார்ப்பார்கள், ஆட்களை வெளியேற்றுவார்கள். சகலை உடனே ஒரு காரணம் கண்டுபிடிப்பார், அதைச் சரிசெய்வார், அதற்கும் ஒரு பாராட்டுக் கூட்டம் நடக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன? ஆட்டம் கொஞ்சம் பெரிதாகட்டும். சுவரில் ஒரு கீறல் விழட்டும். ஒரே ஒரு கீறல். யாருக்கும் ஒன்றும் ஆகாது, அந்த ஆளின் மூக்கு மட்டும் உடையும்.

"கல்லு மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

அந்த அம்மா நகர்ந்ததும், ஆட்டம் அளவுமீறினால் அலுவலகத்தில் ஒலிக்கும் அலாரத்தின் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார். இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம்.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் நெளிவு பருத்துக்கொண்டே போனது. வீட்டுக்குள் சத்தங்கள் மாறின. முதலில் குழாய்களுக்குள் ஏதோ தொண்டையைச் செருமியது. பிறகு சுவருக்குள், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே, பல்லைக் கடிப்பது போன்ற நறநறப்பு கேட்டது. புதிதாக உடைத்த சிமெண்டின் உலர்ந்த வாசனை, எங்கேயும் எதுவும் உடையாமலே, படுக்கை விரிப்பில்கூட அடித்தது. கூரையில் தொங்கிய விளக்கு அசைய, நாற்காலிகளின் நிழல்கள் தரையில் நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டன. லிஃப்ட் அடிக்கடி தானாக நின்றது. கட்டடம் ஆடினால் நின்றுவிடும்படி அதில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. குடியிருப்பவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும் அவர்.

ஒருநாள் காலையில் மனைவி அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இடது காலில் பாரம். வலது காலில் பாரம். இடது. வலது.

"ஏய்!" என்று தோளைத் தொட்டார்.

"என்னங்க?" என்றாள் சாதாரணமாக. அடுப்பை அணைத்தாள். "ஐயோ, பால் போச்சே."

அன்றிரவு போர்வைக்கு அடியில் அவள் பாதங்கள் அசைந்துகொண்டே இருந்தன. விரல்கள் மடங்குவதும் நிமிர்வதுமாக. அவர் தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வேறொருவராக இருந்தால் பயத்தில் அவளை எழுப்பி, வாரிச் சுருட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்தைவிட்டே ஓடியிருப்பார். இவருக்கு வந்த எண்ணம் வேறு. என் தாளம் அது. நான் சொல்லிக் கொடுத்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் அவர் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார். மனைவி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மேல போகாத."

"ஏன்?"

ஏன் என்று சொல்லலாம். சொன்னால் ஆட்டம் நடப்பது தெரியும் என்பதையும் சொல்ல வேண்டிவரும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும். "சும்மாதான்" என்றார்.

"சும்மாவாம்" என்று அவள் சிரித்துவிட்டு, செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, வெறுங்காலோடு படியேறிப் போனாள்.

இருட்டியது. அலமாரிக் கதவு ஆரம்பித்தது. பிறகு குழாய்கள். பிறகு மேசைமேல் இருந்த டம்ளர், தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து, யோசித்து, திரும்பிப் போனது. அவர் போனில் பதிவைத் திறந்தார். உயர்த்தி வைத்த வரம்பை ஆட்டம் எப்போதோ தாண்டியிருந்தது. பத்துப் பேர் ஆட்டி வராது இது. நூறு பேர் ஆட்டினாலும் வராது. அதுவரை அவர் போட்டு வைத்திருந்த கணக்கு முழுவதும் அந்த ஒரு நொடியில் பொய்யாகிப் போனது.

கையிலிருந்த போன் அடித்தது. கொழுந்தியாளின் மகள், அவர் குட்டி என்று கூப்பிடும் சின்னப் பெண்.

"பெரியப்பா, நீங்க ஏன் வரவே மாட்டேங்கிறீங்க?"

"எங்கம்மா?"

"மேலதான். எல்லாரும் வந்துட்டாங்க. பெரியம்மா பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு வெச்சிருக்கு."

"யார் விட்டு வெச்சது?"

மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் ஈரத் தரையிலிருந்து பாதங்கள் பிரிகிற சத்தம், பலவற்றின் சத்தம், ஒரே சமயத்தில்.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும்: அந்த நிமிஷம் அவர் உடம்பில் ஓடியது பயம் மட்டும் இல்லை. கடைசியில் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற ஒரு சந்தோஷமும் ஓடியது.

லிஃப்ட் நின்றிருந்தது. படியேறினார். கைப்பிடிச் சுவர் உள்ளங்கையை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருந்தது. சுவர்களில் அவர் ஆசைப்பட்ட கீறல் எங்கேயும் இல்லை. அவை வளைந்து கொடுத்தன, தோல் மாதிரி. ஏழாம் மாடியில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்து கிடந்தன. சட்டங்கள் சதுரமாக இல்லை, சாய்ந்திருந்தன. உள்ளே விளக்கு எரிந்தது, டிவி ஓடியது, தட்டில் பாதி சாப்பாடு இருந்தது. ஆள் இல்லை. பத்தாம் மாடியிலும் இல்லை. பதினைந்தில் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. காலி. அவர் வேகமாக ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு முட்டியது. படிகள் காலுக்கு வந்தன. போயின. வந்தன.

இருபது.

கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் சாமான்களைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். விளக்கில்லை. ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் வெளிச்சம் மட்டும் வந்தது. அந்த வெளிச்சத்தில் அவர்கள் நின்றார்கள். கட்டடம் முழுக்க. வரிசை வரிசையாக, தோளோடு தோள் இடிக்க, கூடத்திலிருந்து அறைகளுக்குள்ளும் நீண்டு. மூன்றாம் மாடிப் பல் டாக்டர். வாசல் காவலாளி. கைக்குழந்தையைத் தோளில் போட்ட தாய். எல்லோருக்கும் வெறுங்கால். எல்லோருக்கும் கண் திறந்திருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. இடது. வலது. வியர்வை நாற்றம். சிமெண்டுத் தூசி.

இரண்டாம் வரிசையில் அவர் மனைவி. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி. அந்தப் பக்கம் கொழுந்தியாள். முன்னால் குட்டி, காதில் இன்னும் போனை வைத்தபடி.

முதல் வரிசையில் சகலை. அவர் மட்டும்தான் விழித்திருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பாராட்டுக் கூட்டத்தில் போட்டிருந்த அதே சட்டையோடு.

"அண்ணே" என்றார். கால்கள் நிற்கவில்லை. "வந்துட்டீங்களா."

"என்னடா இது? யார் ஆட்டச் சொன்னது?"

"நான் ஆட்டலண்ணே. சத்தியமா ஆட்டல." அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "பூகம்பத்தன்னிக்கு ஆடின ருசி அதுக்கு விடல. இன்னும் வேணும்னு கேக்குது."

"எது?"

சகலை தூணைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க எதிர்த்தாளம் போடுங்கண்ணே. நாங்க இடது வைக்கும்போது நீங்க வலது. ஒருத்தர் போட்டாக்கூட அடங்குது, நான் பார்த்தேன், என்னால பிடிச்சு நிக்க முடியல. உங்களுக்குத்தான் அந்தத் தாளம் கையில இருக்கு. அன்னிக்கு மொட்டை மாடியில... அது உங்க யோசனைதான். எனக்குத் தெரியும்ணே. எப்பவும் தெரியும்."

எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தை. இருட்டில், அழுகையோடு, கேட்க ஆள் இல்லாத கூட்டத்தில் வந்தது. ஆனாலும் இனித்தது. ஆட்டக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவிக்குப் பக்கத்து இடைவெளியில் போய் நின்றார். தரை சூடாக இருந்தது.

அவர்கள் இடது வைத்தார்கள். அவர் வலது.

முழங்காலில் யாரோ கயிறு கட்டி மறுபக்கம் இழுப்பது போல இருந்தது. விடவில்லை. வலது. இடது. வலது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாளத்தை எண்ணினார். சுவருக்குள் நறநறப்பு தடுமாறியது. ஜன்னல் சட்டம் முனகலைக் குறைத்தது. பின்வரிசையில் யாரோ கால் மாறிப் போட்டுத் தள்ளாடினார்கள். குட்டி போனை நழுவவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் அம்மா அழுதாள், விழித்துக்கொண்ட அழுகை. கூரை விளக்கின் வீச்சு சுருங்கியது. இன்னும் சுருங்கியது. பக்கத்தில் மனைவியின் இமைகள் அடித்துக்கொண்டன. அடங்குகிறது. அவரால் அடங்குகிறது.

மனைவி கண் விழித்தாள். விளக்கைப் பார்த்தாள். வரிசையில் அவரைத் தாண்டித் தலையை நீட்டித் தங்கையைப் பார்த்தாள்.

"பாத்தியாடி?" என்றாள், தூக்கம் கலையாத குரலில், அத்தனை பெருமையாக. "தம்பி கட்டின பில்டிங். எப்படி ஆடினாலும் தானா அடங்கிடும்."

ஆட்டக்காரர் சகலையைப் பார்த்தார். இப்போது சொல்வார். சொல்லத்தானே வேண்டும். இரண்டே வார்த்தை.

சகலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், பாராட்டு காதில் விழுந்ததும் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்து விழ வேண்டியது வலது. விழுந்தது இடது.

யாரும் இழுக்கவில்லை. கயிறும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவரே வைத்த கால். அவர்களோடு சேர்த்து வைத்த கால். உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினார். தூண் ஒன்று ஆழ்ந்த திருப்தியோடு பெருமூச்சு விட்டது. தள்ளாடிய கால்களெல்லாம் நேராகின. உட்கார்ந்த குட்டி எழுந்து நின்றாள்.

"அண்ணே! வேணாம்ணே!"

வலது. இன்னும் பலமாக. சகலையின் தாளத்தைவிடச் சுத்தமாக. இடது. வரிசைகள் மெல்லத் திரும்பின. முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், அறைகளுக்குள் இருந்தவர்கள். எல்லா முகமும் அவர் பக்கம். எல்லாக் காலும் அவர் காலைப் பார்த்து.

மனைவியும் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

"என்னங்க" என்றாள் வியப்போடு. "நீங்களா ஆட்டுறீங்க?"

ஜன்னலில் தெருவிளக்குகள் மேலே ஏறின. இறங்கின. எதிர்க் கட்டடம் கிட்டே வந்து, விலகிப் போனது. மறுபடி வந்தது. இந்த முறை அவ்வளவு தூரம் விலகவில்லை. அங்கே ஒரு ஜன்னலில் ஒரு பெண் கையில் கோப்பையோடு நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெரிந்தது. அடுத்த முறை அவள் வாய் திறந்திருப்பது தெரிந்தது. அதற்கடுத்த முறை கோப்பையிலிருந்து ஆவி எழுவதுகூடத் தெரிந்தது.

அவர் இடது காலை வைத்தார்.